பென்குயினா, கங்காருவா, குவொக்காவா: ஆஸ்திரேலியாவில் எந்தத் தீவுக்குப் போகலாம்?

ஊரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் டிக்கெட் போட்ட கையோடு கேட்கிற கேள்விகளில் இது கட்டாயம் இருக்கும்: "மிருகம், பறவையெல்லாம் கூண்டில் இல்லாமல் பார்க்கணும். ஏதோ தீவு இருக்காமே, எதுக்குப் போகலாம்?" மெல்பர்ன் பக்கம் பிலிப் தீவு, அடிலெய்டு பக்கம் கங்காரு தீவு, பெர்த் பக்கம் ராட்னஸ்ட் தீவு என்று மூன்று பெயர்கள் அடிபடும். மூன்றும் ஒன்றுக்கொன்று எங்கெங்கோ இருக்கின்றன. மெல்பர்னிலிருந்து அடிலெய்டு காரில் எட்டு மணி நேரத்துக்கு மேல். பெர்த்துக்கு விமானத்திலேயே நான்கு மணி நேரம். இரண்டு மூன்று வாரம் வருகிறவர்களுக்கு ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும்.

விளம்பரங்களில் எந்தத் தீவில் என்னென்ன மிருகம் என்று நீளமாகப் பட்டியல் போட்டிருப்பார்கள். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பேன். பட்டியலில் இருப்பது எல்லாம் தீவில் இருக்கும்தான். ஆனால் நீங்கள் போகிற நேரத்துக்கு வெளியே வருமா என்பது வேறு விஷயம். பென்குயின் பொழுது சாய்ந்த பிறகுதான் கரையேறும். கங்காருவும் அதன் சிறிய உறவான வாலபியும் பகலெல்லாம் புதர் நிழலில் படுத்திருந்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் மேய வரும். ராட்னஸ்டில் இருக்கிற, பூனை அளவிலான குவொக்காவும் இரவில் நடமாடுகிற பிராணி. இப்படி மூன்று தீவுகளிலும் பார்க்க வேண்டிய காட்சி அந்தி நேரத்தில்தான் தொடங்குகிறது. காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற பயணத்தில் நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கும்போது அவை வெளியே வரும்.

அதனால் என் கணக்கு எளிமையானது. எத்தனை இரவு கொடுக்க முடியும் என்று முதலில் பாருங்கள். எந்தத் தீவு என்பது அதிலிருந்து தானாக வந்துவிடும்.

பிலிப் தீவு: ஓர் இரவு போதும், ஆனால் அந்த இரவு வேண்டும்

மெல்பர்னிலிருந்து தென்கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். சான் ரெமோ என்ற சிற்றூரிலிருந்து பாலம் இருப்பதால் கப்பல் ஏறுகிற வேலை இல்லை. காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தீவும் சிறியது, ஒரு முனையிலிருந்து மறு முனை 26 கிலோமீட்டர்தான். மூன்றில் இதுதான் செலவு குறைந்தது, வயதானவர்களைக் கூட்டிப்போக வசதியானதும் இதுதான்.

இங்கே எல்லோரும் வருவது சம்மர்லேண்ட் கடற்கரையில் தினமும் நடக்கிற பென்குயின் வரவைப் பார்க்கத்தான். உலகத்திலேயே சிறிய பென்குயின் வகை இது. உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல், எடை ஒரு கிலோ அளவு. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு இருட்டியதும் கூட்டமாகக் கரைக்கு வரும். அலை வடியும்போது ஈர மணலில் முதலில் ஐந்தாறு வெள்ளை வயிறுகள் தெரியும். அப்படியே நின்று இரண்டு பக்கமும் பார்க்கும். ஒன்றுக்குச் சந்தேகம் வந்து தண்ணீருக்குத் திரும்பினால் மற்ற எல்லாம் அதன் பின்னாலேயே ஓடிவிடும். அடுத்த அலையில் இன்னும் சில சேர்ந்துகொள்ளும். ஒரு கட்டத்தில் ஏதோ ஒன்று துணிந்து நடக்கத் தொடங்கியதும் அத்தனையும் தலையைக் குனிந்துகொண்டு தத்தித் தத்தி மணலைக் கடந்து புதருக்குள் போய்விடும். கழுகுக்குப் பயந்து வெட்டவெளியைச் சேர்ந்து கடக்கிற பழக்கம் இது.

பெரும்பாலானவர்கள் கேலரி படியில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் எழுந்து வேகமாகக் கார் நிறுத்தத்துக்குப் போய்விடுவார்கள். உங்களோடு வந்தவர்களை அவசரப்படுத்தாதீர்கள். திரும்பி வருகிற மரப்பாதையின் இரு பக்கமும் பென்குயின்களின் வளைகள்தான். உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஒரு பென்குயின் மேடேறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வளைக்குள்ளிருந்து அதன் ஜோடி கரகரவென்று கத்தும். இது நின்று பதில் கத்தும். கடற்கரையில் பார்த்ததைவிட இந்த நடையில் பார்ப்பதுதான் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம். கிளம்பும்போது கார் அடியில் குனிந்து பார்க்கச் சொல்லி அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே பார்க்க வேண்டும், சில சமயம் அங்கே போய் நின்றுகொண்டிருக்கும்.

போட்டோ, வீடியோ எதுவும் எடுக்கக் கூடாது. கைபேசியையே வெளியே எடுக்கக் கூடாது என்பது விதி. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் ஒருவர் தவறி ஃபிளாஷ் அடித்தாலே வெளிச்சத்தில் பென்குயின் மிரண்டு கடலுக்கே திரும்பிவிடும். பசியோடு வளைக்குள் காத்திருக்கிற குஞ்சுக்கு அன்றைக்கு இரை கிடைக்காது. இதை வீட்டிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போனால் அங்கே சிக்கல் இருக்காது.

இந்தக் காட்சி இன்றைக்கு இருப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய முடிவு இருக்கிறது. ஒரு காலத்தில் தீவின் பல இடங்களில் இருந்த பென்குயின் கூட்டங்கள் அழிந்து சம்மர்லேண்ட் முனையில் மட்டும் மிஞ்சின. அந்த முனையிலும் வீடுகள், சாலைகள், கார்கள், நாய்கள் வந்துவிட்டன. 1985இல் விக்டோரியா மாநில அரசு அந்தக் குடியிருப்பு முழுவதையும் விலைக்கு வாங்கிக் காலி செய்வது என்று முடிவெடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொன்றாக வாங்கி முடிக்க 2010 ஆகிவிட்டது. பென்குயினைத் தின்ற நரிகளையும் ஒழித்து, 2017இல் தீவை நரியில்லாத தீவாக அறிவித்தார்கள். இன்றைக்கு அங்கே சுமார் 40,000 பென்குயின்கள் வாழ்கின்றன. 2022 மே மாதத்தில் ஒரே இரவில் 5,219 பென்குயின்கள் கரையேறின. 1968இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அன்றுவரை அதுதான் அதிகம். ஒரு பறவைக்காக ஓர் ஊரையே எடுத்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து பார்த்தால் அந்தக் குட்டி ஊர்வலத்தின் மேல் தனி மரியாதையே வருகிறது.

டிக்கெட்டில் பல வகை உண்டு. சாதாரணக் கேலரி, பென்குயின் நடக்கிற பாதைக்கு நெருக்கமான பென்குயின் பிளஸ், தரைக்கடியில் கண்ணாடி வழியாகப் பார்க்கிற அறை. பெரியவர்களுக்குக் குளிர் தாங்காது என்றால் தரைக்கடி அறைக்குக் கொடுக்கிற பணம் வீணாகாது, ஏனென்றால் காற்று படாது. மற்றவர்களுக்குச் சாதாரணக் கேலரியே போதும், மரப்பாதை நடை எல்லாருக்கும் பொதுதானே. ஜனவரி மாதமாக இருந்தாலும் கம்பளி, குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் நீரிணையிலிருந்து வருகிற காற்று கோடையிலும் எலும்பைத் துளைக்கும்.

இனி அந்த ஓர் இரவுக் கணக்குக்கு வருகிறேன். டிசம்பர், ஜனவரியில் இங்கே சூரியன் மறையவே இரவு எட்டே முக்கால் ஆகும். அதற்குப் பிறகு பென்குயின் வந்து, நீங்கள் பார்த்து, மெல்பர்ன் திரும்பினால் நள்ளிரவு. டூர் பஸ்களும் இப்படித்தான். சின்னக் குழந்தைகள் பஸ்ஸில் அழுதுகொண்டு வரும். பெரியவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். கோடையில் போனால் கௌஸ் நகரத்திலோ சான் ரெமோவிலோ அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். ஜூன், ஜூலையில் என்றால் கதை வேறு. ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆறரைக்குள் எல்லாம் முடிந்து, ஒன்பதுக்குள் வீடு வந்துவிடலாம். பென்குயின் எண்ணிக்கை கோடையைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் வராமல் இருக்காது. ஒரே நாளில் போய்வந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் குளிர்காலத்தில் போகட்டும்.

பகலில் நாபிஸ் முனையின் மரப்பாதையில் நடக்கலாம், கட்டணம் கிடையாது. அங்கிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் தெரிகிற பாறைகளில் ஆயிரக்கணக்கில் சீல்கள் வாழ்கின்றன. கரையிலிருந்து பார்த்தால் கரும்புள்ளிகள்தான். நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் படகில் போக வேண்டும். பென்குயின்களுக்காக இந்த முனைக்குப் போகிற சாலையை அந்தி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், அதனால் இதை மாலைக்கு ஒத்திப்போடாதீர்கள். கோலா காப்பகத்தில் மரக்கிளை உயரத்துக்கே பாதை போட்டிருக்கிறார்கள், கோலா தூங்குவதைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். கால் வலுவுள்ளவர்கள் வூலமாய் முனைக்கு நடக்கலாம். அலாஸ்கா பக்கத்துக் கடல்வரை போய்த் திரும்புகிற ஷியர்வாட்டர் பறவைகள் செப்டம்பர் கடைசியில் வந்து அங்கே வளை தோண்டி முட்டையிடும். ஏப்ரலில் அவற்றின் குஞ்சுகள் முதன்முறை பறக்கும்போது விளக்கொளியில் குழம்பிச் சாலையில் விழுகின்றன என்று பாலத்து விளக்குகளையே அணைத்துவைக்கிறார்கள்.

தீவில் மோட்டார் பந்தயத் தளமும் உண்டு. பெரிய பந்தயம் நடக்கிற வார இறுதியில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. தேதி பார்த்துவிட்டுப் போங்கள்.

கங்காரு தீவு: மூன்று இரவு இருந்தால் யோசிக்கவே வேண்டாம்

பெயரில் தீவு என்று இருப்பதால் பலர் இதையும் ஒரு நாள் சமாசாரமாக நினைக்கிறார்கள். பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்கு 150 கிலோமீட்டருக்கு மேல். அதில் இருக்கிற மனிதர்கள் ஐயாயிரம் பேர் அளவுதான். மிச்சமெல்லாம் காடு, வயல், கடற்கரை.

அடிலெய்டிலிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரம் காரில் கேப் ஜெர்விஸ் போய், அங்கிருந்து காரோடு ஃபெர்ரியில் ஏறினால் 45 நிமிடத்தில் பென்னஷா. ஃபெர்ரியில் கார் ஏற்றிப் போய்வரச் சில நூறு டாலர் ஆகும். பலரும் இந்தக் கட்டணத்தைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். தீவில் பொதுப் பேருந்து என்று எதுவும் நம்பிப் போக முடியாது, கார் கட்டாயம். அடிலெய்டிலிருந்து கிங்ஸ்கோட்டுக்குச் சிறு விமானமும் உண்டு, ஆனால் இறங்கியதும் அங்கேயும் வாடகைக் கார்தான் எடுக்க வேண்டும்.

அடிலெய்டிலிருந்து ஒரே நாளில் கூட்டிப்போய்வருகிற டூர்கள் இருக்கின்றன. விடியற்காலையில் ஏறி, இரவு பத்து மணிக்கு மேல் இறங்குவார்கள். பென்னஷாவிலிருந்து மேற்கு முனையில் இருக்கிற ஃபிளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவுக்குப் போகவே இரண்டு மணி நேரம். அதாவது நாளில் பாதியைப் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். இந்த ஒரு நாள் டூரை நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்தப் பணத்துக்குப் பிலிப் தீவில் இரண்டு இரவு நிம்மதியாகத் தங்கலாம்.

ஆனால் மூன்று இரவு கையில் இருந்தால், மூன்று தீவுகளில் இதற்கு இணையே இல்லை. காரணம், இங்கே யாரும் காட்சிக்கு நேரம் குறிப்பதில்லை. வாடகை வீட்டு வாசலில் சாயங்காலம் காபியோடு உட்கார்ந்தால் வாலபி வந்து புல் மேயும். சாலையோரத்தில் எக்கிட்னா மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு போகும். முள் போர்த்திய அந்தப் பிராணி முட்டையிட்டுப் பால் கொடுக்கிற இனம். காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தால் உங்களைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்க்கும். இந்தத் தீவில் முயலும் நரியும் கிடையாது. அதனால்தான் தரையில் வாழ்கிற பிராணிகள் இவ்வளவு பெருகியிருக்கின்றன.

சீல் பே கடற்கரையை விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியக் கடற்சிங்கம் உலகத்தில் இந்த நாட்டுக் கடலில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அழியும் ஆபத்தில் இருக்கிற இனம். இரண்டு வழிகளில் பார்க்கலாம். நீங்களாக மரப்பாதையில் நடந்து மேலிருந்து பார்ப்பது ஒன்று, வழிகாட்டியோடு மணலுக்கே இறங்குவது இன்னொன்று. கூடுதல் பணம் கொடுத்து இறங்குங்கள். இரண்டு மூன்று நாள் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு வந்த தாய், நகர முடியாத களைப்பில் மணலில் கிடக்கும். அதன் குட்டி பசியில் கத்திக்கொண்டே கடற்கரை முழுக்க அலையும், படுத்திருக்கிற ஒவ்வொன்றிடமும் போகும், சொந்தத் தாயாக இல்லாவிட்டால் பல்லைக் காட்டி விரட்டும். கடைசியில் தாயின் குரலைக் கண்டுபிடித்துப் போய் மூக்கோடு மூக்கு உரசும். தாய் மோந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பால். வழிகாட்டி நிற்கச் சொல்கிற இடத்தில் சத்தமில்லாமல் நின்றால் இதையெல்லாம் கொஞ்ச தூரத்திலேயே பார்க்கலாம்.

மேற்கு முனையில் ரிமார்க்கபிள் ராக்ஸ் என்ற கருங்கல் பாறைகள் கடலுக்கு மேலே வழவழப்பான குன்றின் உச்சியில் நிற்கின்றன. காற்றும் உப்பும் மழையும் குடைந்து குடைந்து அவற்றுக்கு விசித்திர வடிவங்கள் கொடுத்திருக்கின்றன. மேலே ஆரஞ்சு நிறத்தில் பாறைப் பாசி. பக்கத்திலேயே அட்மிரல்ஸ் ஆர்ச் என்ற இயற்கை வளைவுக்குக் கீழே சீல்கள் பாறை பாறையாகப் படுத்திருக்கும். காலை அல்லது மாலை வெயிலில் போங்கள், உச்சி வெயிலில் கல் நிறமே தெரியாது.

இந்தப் பகுதி எரிந்த காடு என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2019 டிசம்பரில் மின்னலில் பற்றிய தீ 2020 ஜனவரியில் தீவின் கிட்டத்தட்டப் பாதியை, இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல், அழித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கோலாக்களும் கங்காருக்களும் ஆயிரக்கணக்கில் மாண்டன. இப்போது கரிந்த அடிமரத்திலிருந்தே தளிர் விட்டுப் புதர் அடர்ந்து நிற்கிறது. சில இடங்களில் வெளுத்த மரக்குச்சிகள் பச்சைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். "பழைய மாதிரி இல்லை" என்று சொல்லிப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. காடு திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று நான் சொல்வேன், தவிர அங்கே வாழ்கிறவர்களுக்கு வருகிறவர்கள் வேண்டும். கோடையில் தீ அபாயம் உச்சத்தில் இருக்கிற நாட்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். அதனால் மேற்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்காமல் மாற்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பொழுது சாய்ந்த பிறகு கார் ஓட்டவே ஓட்டாதீர்கள். கங்காரு குறுக்கே பாய்ந்தால் அதுவும் பிழைக்காது, காரும் பிழைக்காது. இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள், வாசலிலேயே எல்லாம் வரும் என்று சொன்னேனே. அடுத்தது, கிளைச் சாலைகள் பல செம்மண் சரளைச் சாலைகள். வாடகைக் காரின் இன்ஷூரன்ஸ் அதற்குச் செல்லுமா என்று எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலா வருகிறவர்கள் அதை வைத்தே ஓட்டலாம், சாலையிலும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான்.

நம் ஆட்கள் பையில் சாப்பாடு கட்டாமல் கிளம்புவதில்லை என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கங்காரு தீவுக்குத் தேன் கொண்டுபோகத் தடை. 1880களில் இத்தாலியின் லிகூரியாவிலிருந்து கொண்டுவந்த தேனீக்கள் கலப்பில்லாமல் அங்கே இருக்கின்றன, 1885இலேயே அதற்குச் சட்டம் போட்டார்கள். வெளித்தேன் வழியாக நோய் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தடை. உருளைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு உண்டு. மெல்பர்னிலிருந்து போகிறவர்கள் எல்லையிலேயே பழங்களையும் விட்டுவிட வேண்டும், பழ ஈ தொல்லைக்காகத் தென் ஆஸ்திரேலியாவுக்குள் அனுமதிப்பதில்லை. புளிசாதமும் எலுமிச்சை ஊறுகாயும் யாருக்கும் பிரச்சினை இல்லை. அரிசி, பருப்பு எடுத்துக்கொண்டு சமையலறை இருக்கிற வீடாகப் பிடியுங்கள். தீவில் உணவகங்கள் குறைவு, சீக்கிரம் மூடிவிடுவார்கள், சைவம் தேடி 60 கிலோமீட்டர் ஓட்டுகிற நிலை வரக் கூடாது.

ராட்னஸ்ட்: பெர்த்துக்கு வருகிறவர்களுக்கு

பெர்த்துக்கென்றே வருகிறவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன். குவொக்காவுக்காக மட்டும் கிழக்குக் கரையிலிருந்து நான்கு மணி நேரம் பறக்க வேண்டாம். ஆனால் சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பெர்த் ஐந்து மணி நேரம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை, ஒரே நேரம்தான். நான்கைந்து நாள் விடுமுறைக்குக் கச்சிதமான இடம்.

ஃபிரீமாண்டிலிலிருந்து ஃபெர்ரியில் அரை மணி நேரம். சுமார் 11 கிலோமீட்டர் நீளம், மொத்தமே 19 சதுர கிலோமீட்டர். தனியார் கார் எதுவும் உள்ளே கிடையாது. சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம், முடியாதவர்களுக்குத் தீவைச் சுற்றுகிற பஸ் இருக்கிறது. குழந்தைகளைச் சாலையில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டவிடுகிற இடம் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது? தண்ணீர் தெளிவாக, அலை குறைவாக இருக்கிற சிறு சிறு குடாக்கள் ஏராளம். முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பார்க்கப் பேசின், லிட்டில் சால்மன் பே இரண்டும் நல்ல இடங்கள். மூன்று தீவுகளில் கடலில் இறங்கிக் குளிக்க ஏற்றது இதுதான், மற்ற இரண்டிலும் தண்ணீர் ஐஸ்.

குவொக்கா பூனை அளவு இருக்கும், கங்காருவின் உறவு. நிலப்பகுதியில் நரியாலும் காட்டழிப்பாலும் கிட்டத்தட்ட ஒழிந்து, இந்தத் தீவில் பத்தாயிரம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. வாயமைப்பால் எப்போதும் சிரிப்பது மாதிரி தெரிவதால் செல்ஃபிக்குப் பேர் போனது. பகலில் கடைத்தெருப் பக்கத்திலேயே சில திரிவதால் பகல் பயணத்திலும் பார்த்துவிடலாம், அந்தி விதி இங்கே கொஞ்சம் தளரும். ஆனால் அவற்றில் பல நிழலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும், சுற்றிலும் இருபது பேர் கைபேசியோடு. கடைசி ஃபெர்ரி கிளம்பிய பிறகு தீவே மாறிவிடும். கூட்டம் போய், வெளிச்சம் மங்க, புதர்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தாவி வந்து புல் கடிக்கும். வயிற்றுப் பையிலிருந்து குட்டி தலை நீட்டும். அதற்காகவே ஓர் இரவு தங்கச் சொல்வேன்.

தொடக் கூடாது, தீனி போடக் கூடாது, மீறினால் அபராதம். பிஸ்கட், ரொட்டியெல்லாம் அதற்கு நோய்தான். தரையில் உட்கார்ந்து சும்மா இருந்தால் அதுவே மோந்து பார்க்க வரும்.

இன்னொன்றும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அந்தப் பகுதிப் பழங்குடியினரான நூங்கார் மக்கள் வாஜமப் என்று அழைக்கிற இந்தத் தீவை 1838இலிருந்து பல பத்தாண்டுகள் பழங்குடி ஆண்களையும் சிறுவர்களையும் அடைக்கிற சிறையாக வைத்திருந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் சங்கிலியில் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். குவாட் என்ற அந்தச் சிறைக் கட்டடம் 2018 வரை சுற்றுலாத் தங்குமிடமாக இருந்தது. புதைகுழிகள் இருக்கிற இடம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு, அங்கே எழுதி வைத்திருப்பதைப் பிள்ளைகளோடு நின்று படியுங்கள்.

நிழல் குறைவு என்பதால் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் பெரியவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை காட்டுப் பூக்கள் இருக்கும், திமிங்கிலங்களும் அந்தப் பக்கம் போகும்.

சரி, யார் எங்கே போவது?

மெல்பர்னில் மகன், மகள் வீட்டுக்கு வந்திருக்கிற அப்பா அம்மாவுக்குப் பிலிப் தீவு, ஓர் இரவு தங்கி. முழங்கால் வலி இருந்தாலும் சமாளிக்கலாம், மரப்பாதைகள் சீராக இருக்கும், சக்கர நாற்காலிக்கும் வசதி உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்து, தங்க முடியாது என்றால் ஜூன், ஜூலையில் போய்வாருங்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நன்றாகக் கார் ஓட்டுகிற ஒருவர், மூன்று இரவு, கொஞ்சம் தாராளமான பட்ஜெட் இத்தனையும் இருந்தால் கங்காரு தீவு. இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஒரே வீடு எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். இரண்டு இரவுதான் முடியும் என்றால் தீவின் பாதியை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டு போங்கள், சீல் பேயும் மேற்கு முனையும் போதும். ஓர் இரவுதான் என்றால் போக வேண்டாம்.

பெர்த்திலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு ராட்னஸ்ட். பள்ளி விடுமுறையில் தீவுக்குள் அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அதனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தீவில் அறை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வாரம் தள்ளிப் பயணத் தேதியை வைத்துக்கொள்வது, பகலில் மட்டும் போய்வருவதைவிட நல்லது.

எந்தத் தீவாக இருந்தாலும் போகிற தேதிக்கு அங்கே சூரியன் எப்போது மறைகிறது என்று பார்த்துவிட்டு, அதை வைத்து அறையையும் ஃபெர்ரியையும் பதிவு செய்யுங்கள்.